ரோபோவின் பக்கத்தில் ஒரு வெல்டர்

வெல்டிங் ரோபோ ஒன்று எந்தப் பழுதும் இல்லாமல், ஓர் எச்சரிக்கை விளக்குகூட எரியாமல், ஷிஃப்ட் முழுவதும் கெட்ட வெல்டு போட்டுக்கொண்டே இருக்க முடியும். அதன் மோட்டார், கியர், கன்ட்ரோலர் எல்லாம் சரியாகவே இருக்கும். சொன்ன இடத்துக்கு, சொன்ன கோணத்தில், சொன்ன வேகத்தில் டார்ச்சைக் கொண்டுபோயிருக்கும். தகடு மட்டும் அங்கே இருந்திருக்காது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கும். ரோபோ லைனில் வேலை பார்க்கும் எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. ஆனால் ரோபோ வாங்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே ஓடும் கணக்கு வேறு: ஷிஃப்டுக்கு எத்தனை வெல்டர், அவர்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம், ரோபோ வந்தால் எத்தனை பேர் குறைவார்கள், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும். இந்தக் கணக்கு அடியிலேயே தவறு என்பது என் வாதம். வெல்டரின் வேலையில் வெளியே தெரியும் பாதியை ரோபோ வாங்கிக்கொள்கிறது. வெளியே தெரியாத பாதி செய்ய ஆளில்லாமல் லைனிலேயே கிடக்கிறது. அதைச் செய்ய, வெல்டிங் தெரிந்த ஒருவர், லைனை நிறுத்தவும் புரோகிராமைத் திருத்தவும் அதிகாரத்தோடு ரோபோவின் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரையும் சேர்த்து நீக்கிவிட்டுக் காட்டப்படும் லாபம், பிறகு ரிஜெக்‌ஷனாகவும் ரீவொர்க்காகவும் வெளியே போகிறது.

கையால் மிக் வெல்டிங் செய்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? டார்ச்சைப் பிடித்து இணைப்பின் மேல் இழுத்துக்கொண்டு போகிறார் என்பது தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரிவது. முகமூடிக் கண்ணாடி வழியாக அவர் பார்ப்பது உருகிய உலோகக் குட்டையை. குட்டை அகன்றால் சூடு ஏறுகிறது. கையின் நடையைக் கூட்டுகிறார். இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விரிந்தால் குட்டை உள்ளே இறங்கப் பார்க்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டி இரு ஓரங்களையும் நிரப்பிக்கொண்டு நகர்கிறார். சத்தம் மாறினால் வயர் ஒழுங்காக வரவில்லை, அல்லது காண்டாக்ட் டிப் தேய்ந்துவிட்டது. தகட்டில் எண்ணெய் ஒட்டியிருந்தால் புகையும் பொறி தெறிக்கும் விதமும் காட்டிக்கொடுத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் அவர் கை நொடிக்குள் மறுமொழி சொல்லிவிடுகிறது. அது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை, எந்த ஆடிட்டிலும் வருவதில்லை. வெல்டு நன்றாக இருக்கிறது என்ற முடிவு மட்டும் பதிவாகிறது.

இப்படிக் கை திருத்திக்கொள்ள வேண்டிய விலகல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். பிரஸ் ஷாப்பில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் டை தேய்கிறது. புதிய காயில் மாட்டினால் தகட்டின் கடினம் சற்று மாறும்; வளைத்தபின் அது மீண்டு நிமிரும் அளவும் மாறும். குழாய் வளைக்கும் இடத்தில் அரை டிகிரி விலகினால், 300 மி.மீ. தள்ளி இருக்கும் மறுமுனை இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கில் லொகேட்டிங் பின் தேய்ந்தாலோ, அதன் அடியில் வெல்டிங் பொறி ஒட்டி இறுகினாலோ பாகம் சாய்ந்து உட்காரும். ரோபோ வெல்டிங்கில் வயரின் தடிமன் பெரும்பாலும் 1.2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. இணைப்பின் இடம் வயர் விட்டத்தில் பாதிக்கு மேல் விலகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பழகிவந்த ஓர் அளவு, அதாவது 0.6 மி.மீ. ரோபோவின் கையோ ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வருவதில் 0.1 மி.மீ.க்கும் குறைவாகவே பிசகும். ஆகவே லைனில் கோளாறு என்றால், ரோபோவைச் சந்தேகிப்பதற்கு முன் அதற்கு மேலே இருக்கும் பிரஸ், பெண்டிங், ஜிக் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். நடப்பில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ரோபோ வந்த பிறகுதான் ரிஜெக்‌ஷன் ஏறியது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் விலகல் அதற்கு முன்பும் அதே அளவு இருந்தது, வெல்டரின் கை அதை நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்பாட் வெல்டிங்கில் கைக்கு இவ்வளவு இடம் இல்லை, அதனால் அங்கே ரோபோ முழுமையாகப் பொருந்திவிடும் என்று ஒருவர் சொல்லலாம். கார் பாடி ஷாப்பில் ரோபோ பெற்ற வெற்றி பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு காரின் உடலில் ஏறக்குறைய 4,000 முதல் 5,000 ஸ்பாட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை 200 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு அழுத்த, 8,000 முதல் 10,000 ஆம்பியர் வரை மின்சாரம் ஏறக்குறைய 0.2 விநாடி பாய்கிறது. பேலன்சரில் தொங்கும் கனமான வெல்டிங் கன்னைப் பிடித்து இழுத்து, எட்டாத மூலையில் தலைக்கு மேல் தூக்கி, ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்த தொழிலாளர்களின் தோளும் முதுகும் என்ன ஆயின என்பது பழைய லைன்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை ரோபோவிடம் கொடுத்தது சரி. ஆனால் அங்கேயும் செம்பு முனை ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் கொஞ்சம் நசுங்கி அகலமாகிறது. முகத்தின் விட்டம் 6 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. ஆனால் பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதே மின்சாரம் அகன்ற பரப்பில் பாய்வதால் சூடு போதாமல் ஸ்பாட் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால், அந்தத் துத்தநாகம் செம்போடு கலந்து முனையை இன்னும் விரைவாகக் கெடுக்கும். இதற்காகத்தான் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை முனையைச் சீவும் டிப் டிரெஸ்ஸரும், மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் அமைப்பும் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையை எவ்வளவு என்று வைப்பது? சீவும் கத்தி மழுங்கிவிட்டதை யார் கண்டுபிடிப்பது? உளியால் பிளந்து பார்க்கும் சோதனையில் கிழிந்து வரும் வெல்டு பட்டன் சின்னதாக இருப்பதைக் கண்டு, இது முனையால் வந்ததா, தகடுகளுக்கு நடுவே இடைவெளியால் வந்ததா, கூலிங் தண்ணீர் குறைந்ததால் வந்ததா என்று யார் பிரித்துச் சொல்வது? ஸ்பாட் வெல்டிங் தெரிந்தவர்தான். வெல்டு வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே அறியாமையின் விலை இன்னும் அதிகம்.

வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜார்ஜ் டெவோல் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, ஜோசப் எங்கல்பெர்கரோடு சேர்ந்து உருவாக்கிய யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ, 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்றில் டை காஸ்டிங் எந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலைக்குப் போனது. அது அங்கே வெற்றி பெற்றதற்கான காரணத்தைக் கவனிக்க வேண்டும். வார்ப்பு எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நிலையில் வெளியே வரும். எடுக்கும் கைக்குத் தீர்மானிக்க எதுவும் இல்லை. சூடும் ஆபத்தும்தான் இருந்தன. அதிலிருந்து நிர்வாகங்கள் கற்றுக்கொண்ட பாடமோ வேறாக இருந்தது. 1980களில் ரோஜர் ஸ்மித் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆயிரம் கோடி டாலரை ஆட்டோமேஷனில் கொட்டியது. 1982இல் ஜப்பானின் ஃபனுக்கோடு கூட்டு நிறுவனமே தொடங்கியது. 1985இல் திறந்த ஹாம்ட்ராம்க் ஆலை அந்தக் கனவின் உச்சம். அங்கே ரோபோக்கள் காருக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று பெயின்ட் அடித்ததையும், கார் உடலில் மோதியதையும் அக்காலப் பத்திரிகைகள் எழுதின.

அதே காலத்தில், அதே நிறுவனம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் தான் 1982இல் மூடிய ஆலையை டொயோட்டாவோடு கூட்டாக 1984இல் மறுபடி திறந்தது. நம்மி என்று பெயர். பழைய ஆலையில் வேலைக்கு வராதவர்கள் அடிக்கடி ஐந்தில் ஒருவர், தரமும் மோசம். புதிய கூட்டு நிறுவனம் பெரும்பாலும் அதே தொழிலாளர்களையே, அதே தொழிற்சங்கத்தோடு, மீண்டும் எடுத்துக்கொண்டது. ஹாம்ட்ராம்க்போல ரோபோக்களைக் குவிக்கவில்லை. வேலையை எப்படிப் பிரிப்பது என்பதில் தொழிலாளிக்குப் பங்கு கொடுத்தது, கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமையைக் கொடுத்தது. சில ஆண்டுகளில் தரத்திலும் உற்பத்தித் திறனிலும் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை அது முந்தியது. நம்மியில் பொறியாளராக இருந்துவிட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வில் சேர்ந்த ஜான் கிராஃப்சிக்கும் சக ஆய்வாளர்களும் உலகம் முழுவதும் கார் ஆலைகளை அளந்தார்கள். ஆட்டோமேஷனின் அளவை மட்டும் வைத்து ஓர் ஆலையின் திறனைச் சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. ஒழுங்கில்லாத ஆலையில் எந்திரத்தைக் கூட்டினால், லைனில் குறையும் ஆட்களுக்கு ஈடாக மெயின்டனன்ஸிலும் சர்வீஸிலும் ஆட்கள் கூடிவிடுகிறார்கள் என்றும் அந்த ஆய்விலிருந்து 1990இல் வெளிவந்த நூல் காட்டியது. நம்மி 2010இல் மூடப்பட்டது. அதே கட்டடத்தை டெஸ்லா வாங்கியது. 2018இல் மாடல் 3 காரை ஏறத்தாழ முழுவதும் எந்திரங்களைக் கொண்டே செய்துவிடும் திட்டம் திணறியதால், சிக்கலான கன்வேயர் பின்னல் ஒன்றைப் பிய்த்தெறிந்து, அளவுமீறிய ஆட்டோமேஷன் தன் தவறு என்றும் மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகவும் ஈலான் மஸ்க் வெளிப்படையாகச் சொன்னார். வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கை அவர்கள் எட்டியது, ஆலைக்கு வெளியே கூடாரம் போட்டு அமைத்த, கையால் வேலை செய்யும் இன்னொரு லைனையும் சேர்த்துத்தான். ஒரே கூரையின் கீழ் நிரூபிக்கப்பட்ட பாடத்தை இன்னொரு தலைமுறை மறுபடி விலை கொடுத்து வாங்கியது.

டொயோட்டாவின் வழியை ஆட்டோமேஷனுக்கு எதிரான வழி என்று புரிந்துகொள்வது பெரிய பிழை. அதன் வேரே தானியங்கித் தறியில் இருக்கிறது. டொயோட்டா குழுமத்தைத் தொடங்கிய சகிச்சி டொயோடாவின் 1924ஆம் ஆண்டுத் தறி, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும். அந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. நின்றுவிடுவதுதான் அந்தத் தறியின் அறிவு. கெட்ட துணியை வேகமாக நெய்துகொண்டே போகாது. ஏன் அறுந்தது என்று பார்க்க ஒருவரைக் கூப்பிடும். ஒரு தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்ததும் இதனால்தான். மிட்சுரு கவாய் என்பவர் டொயோட்டாவில் தொழிற்கூடப் பயிற்சியாளராக நுழைந்து 2017இல் நிர்வாகத் துணைத் தலைவர் வரை உயர்ந்தவர். அவர் நவீன ஆலைக்குள்ளேயே கையால் உலோகத்தை அடித்துக் கிராங்க் ஷாஃப்ட் செய்யும் லைன்களை மறுபடி ஏற்படுத்தினார். கையால் செய்யத் தெரியாதவருக்கு எந்திரத்தைத் திருத்தத் தெரியாது என்பது அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை. உலகிலேயே மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று இதைப் பழமைப் பாசத்தால் செய்திருக்க முடியாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு சென்சார். இன்றைய ரோபோ குருடு இல்லை என்பார்கள். வயரின் நுனியால் தகட்டைத் தொட்டு இடம் கண்டுபிடிக்கும். வெல்டிங் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து இணைப்பின் வழியே தன்னைத் திருத்திக்கொண்டு போகும். லேசர் கேமரா முன்னால் ஓடி இடைவெளியை அளக்கும். செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்து வெல்டைத் தரம் பிரிக்கும். இவை உண்மையாகவே வேலை செய்கின்றன. கப்பல் கட்டுமிடங்களிலும் கனரக வண்டி ஆலைகளிலும் இவற்றில் சில இல்லாமல் ரோபோ வெல்டிங் நடப்பது அரிது. ஆனால் சென்சார் எங்கே விலகியது என்று சொல்லும். ஏன் விலகியது என்று கேட்காது. டை தேய்ந்து பாகம் நாளுக்கு நாள் நகர்கிறது என்றால், சென்சார் அதற்கேற்ப நாளுக்கு நாள் தன்னைத் திருத்திக்கொண்டே போகும், வெல்டரின் கை முன்பு செய்ததைப்போல. ஒரு வித்தியாசம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டின்போது, இந்த வாரம் பிராக்கெட் சரியாக உட்காரவே இல்லை என்று அந்த வெல்டர் பிரஸ் ஷாப் ஆளிடம் சொல்லிவிடுவார். சென்சார் சொல்லாது. அதன் திருத்த எண்கள் கன்ட்ரோலருக்குள் ஓடி மறையும். அவற்றைத் தினமும் எடுத்துப் பார்த்து, இது எந்தப் பக்கம் நகர்கிறது, டையா, ஜிக்கா, காயிலா என்று படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். சென்சார் கூடக்கூட அவர் கற்க வேண்டியது கூடுகிறது. அவருடைய தேவை குறையவில்லை.

அடுத்த மறுப்பு விளக்கணைத்த ஆலை. ஜப்பானில் ஃபுஜி மலைக்கு அருகே ஒஷினோவில் ஃபனுக் நிறுவனம் 2001 முதல் ரோபோக்களைக் கொண்டே ரோபோ பாகங்களைச் செய்கிறது. 30 நாள் வரை கண்காணிப்பே இல்லாமல் அது ஓடும் என்று சொல்லப்படுகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஃபனுக் தான் செய்யும் பொருளைத் தானே வடிவமைக்கிறது, தானே கடைந்தெடுக்கிறது, எந்திரம் எடுக்க வசதியாகவே ஒவ்வொரு பாகத்தையும் முதலிலேயே வரைகிறது. அங்கே விலகல் பெரும்பாலும் லைனுக்குள் நுழைவதற்கு முன்பே ஒழிக்கப்பட்டுவிட்டது. அப்படி ஒழித்தவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த எந்திரங்களோடு வாழ்ந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும். விளக்கு அணைவதற்கு முன் அங்கே எத்தனை பேரின் அறிவு எரிந்தது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், அணைந்த விளக்கை மட்டும் இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

நம் ஊர் நிலை வேறு. ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கோவை வட்டாரங்களில் இருசக்கர வண்டியின் பிரேம், கார் சீட்டின் சட்டம், சைலென்சர் என்று வெல்டிங் ரோபோ நிற்கும் பல செல்கள் வெண்டர் நிறுவனங்களுக்குள் இருக்கின்றன. தகட்டைப் பிரஸ்ஸில் அடிப்பது ஒரு வெண்டர், குழாயை வளைப்பது இன்னொருவர், வெல்டிங் மூன்றாம் இடத்தில். விலகல் மூன்று கம்பெனி வாசல் கடந்து வந்து ரோபோவின் முன் நிற்கிறது. உன் டை தேய்ந்துவிட்டது என்று இன்னொரு முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்றால் அளவோடு, தேதியோடு, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஆதாரத்தைச் சேர்க்கத் தெரிந்தவரை வைத்திருக்காத வெண்டர், வேறு வழியில்லாமல், பாகத்தைச் சுத்தியலால் தட்டி ஜிக்கில் உட்காரவைக்க ஓர் ஆளைப் போடுகிறார். ரோபோ வாங்கிய பிறகும் ஆள் குறையவில்லையே என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது. இந்தியாவில் கூலி குறைவு, ரோபோவே தேவையில்லை என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்பில்லை. புகையும் வெப்பமும் கனமும் உள்ள வேலைகளில் மனிதரை நிறுத்தக் கூலி குறைவு என்பது ஒரு காரணமாக முடியாது. தரம் ஒன்றுபோல வேண்டும் என்ற வாடிக்கையாளரின் கெடுபிடியும் நியாயமானதே. சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் புதிதாக நிறுவப்பட்ட ரோபோக்கள் 8,510, சீனாவில் 2,76,288. இந்த எண்ணிக்கை இங்கே கூடும், கூடவும் வேண்டும். என் கவலை அந்த ரோபோக்களுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பது. பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் சில மாதங்களுக்கு வந்து போகிறவர்களையே செல்லில் நிறுத்துவது இங்கே பரவலான வழக்கம். பாகத்தை மாட்டு, பட்டனை அழுத்து, பாகத்தைக் கழற்று: இவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. அவர்கள் திறமையில்லாதவர்கள் இல்லை. கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் அனுப்பப்படுகிறவர்கள்.

இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் ஃப்ளாட் ராக் வார்ப்பாலையிலும், 1981இல் ஜப்பானின் அகாஷி ஆலையிலும் ரோபோவால் தொழிலாளர் இறந்த நிகழ்வுகளுக்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. ஐஎஸ்ஓ 10218 தரநிலைப்படி டீச்சிங் செய்யும்போது, அதாவது ரோபோவுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுக்கும்போது, அதன் வேகம் விநாடிக்கு 250 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அதற்குக் கையில் பிடிக்கும் கருவியான டீச் பென்டன்ட்டின் பின்னால் உள்ள பொத்தானைக் கை விட்டாலும் நின்றுவிடும், பயத்தில் இறுக அழுத்தினாலும் நின்றுவிடும். வேலிக் கதவைத் திறந்தால் செல் முழுவதும் அடங்கும். எல்லாம் நல்ல ஏற்பாடு. ஆனால் வேலிக்குள் மனிதர் எப்போது நுழைகிறார்? லைன் சீராக ஓடும்போது யாரும் நுழைவதில்லை. பாகம் சிக்கினால், கிளாம்ப் மூடாவிட்டால், வயர் ஒட்டிக்கொண்டால் நுழைகிறார். ஒரு மணி நேரத்துக்குப் பலமுறை நிற்கும் செல்லில், கதவைத் திறந்து மூடி ரீசெட் செய்யும் நேரம் பொறுக்காமல், கதவு சுவிட்சை ஏமாற்றிவைக்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செல் அத்தனை முறை நிற்பதற்குக் காரணமான தேய்ந்த டையையும் தளர்ந்த ஜிக்கையும் சரிசெய்யாமல், சுவரில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவது பாதுகாப்பாகாது. பாகத்தின் அளவு சரியாக வருவதே ரோபோ செல்லின் முதல் பாதுகாப்பு வேலி என்பேன்.

லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையை ஆட்டோமேஷன் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். எந்திரம் எளிதான வேலைகளை எடுத்துக்கொண்டு, தன்னால் முடியாத கடினமான தருணங்களை மட்டும் மனிதரிடம் விடுகிறது. அந்தத் தருணத்துக்கு வேண்டிய பழக்கமோ அன்றாட வேலை போனதால் அவரிடம் தேய்ந்துவிட்டிருக்கிறது என்று அவர் விளக்கினார். அவர் பேசியது பெரும்பாலும் ரசாயன ஆலைகளையும் விமானங்களையும் போன்ற இடங்களைப் பற்றி. வெல்டிங் லைனுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. ரோபோவுக்கு முதன்முதலாகப் புரோகிராம் எழுதப்பட்டபோது பெரும்பாலும் கைவெல்டிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். டார்ச்சின் கோணம், நடையின் வேகம், எந்த முனையில் தொடங்கினால் தகடு கோணாது என்பதெல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை. அவர் ஓய்வு பெறுகிறார். புதிய மாடல் வருகிறது. பழைய புரோகிராமை நகலெடுத்து, புள்ளிகளை நகர்த்தி ஒப்பேற்றுகிறார்கள். புள்ளிகளை நகர்த்தத் தெரிந்தவர் இருக்கிறார்; அந்த வேகம் ஏன் அந்த வேகம் என்று சொல்லத் தெரிந்தவர் இல்லை.

வேலை இழப்பு பற்றிக் கேட்காமல் யாரும் இந்தப் பேச்சை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ரோபோ வேலையைப் பறிக்காது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். டாரன் அசெமோக்ளுவும் பாஸ்குவல் ரெஸ்ட்ரெபோவும் 1990 முதல் 2007 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால் மக்கள்தொகையில் வேலையில் இருப்போரின் பங்கு 0.2 சதவீதப் புள்ளியும் கூலி 0.4 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். ஜெர்மனியிலோ 1994 முதல் 2014 வரையிலான தரவுகளில் மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை. ஆலைகளில் குறைந்தது சேவைத் துறையில் ஈடானது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆலையில் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்கள். ஜெர்மனியில் ரோபோக்கள் அமெரிக்காவைவிட அடர்த்தி. ஆகவே விளைவை ரோபோ மட்டும் தீர்மானிக்கவில்லை. தொழிற்சங்கமும் பயிற்சி முறையும் நிர்வாகத்தின் முடிவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் ஜெர்மன் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்துவது: உள்ளே இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள், புதிதாக ஆலைக்குள் நுழையும் இளைஞர்கள் குறைந்தார்கள். ஐடிஐ முடித்து வரும் பிள்ளை கையில் டார்ச் பிடிக்கும் முதல் வேலை எங்கே இருந்ததோ, அங்கே இப்போது ரோபோ நிற்கிறது. அந்த வேலை கீழ்ப்படி என்பதால் அதை நீக்குவது எளிது. அந்தப் படியில் ஏறித்தான் அடுத்த தலைமுறை ரோபோ டெக்னீஷியன் வரவேண்டியிருந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ரோபோ லைன் போடும் ஒவ்வோர் ஆலையும் அதன் பக்கத்தில் ஒரு கைவெல்டிங் சாவடியை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ரீவொர்க், புதிய மாடலின் முதல் மாதிரிகள், சிறு எண்ணிக்கை ஆர்டர்கள் எல்லாம் அங்கே நடக்கட்டும். அதனால் அது வெறும் செலவாகவும் இராது. டீச் பென்டன்ட்டைத் தொடுமுன் புதியவர் மாதக்கணக்கில் அங்கே இருக்க வேண்டும். செல்லில் நிற்பவர் நிரந்தரப் பணியாளராக, வெல்டை வெட்டிப் பார்த்து ஊடுருவலைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆளாளுக்குப் புரோகிராமைத் திருத்தினால் எது சரியான புரோகிராம் என்றே தெரியாமல் போய்விடுமே என்று தர அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஒருவர் இரவு ஷிஃப்டில் நகர்த்திய புள்ளியை அடுத்தவர் காலையில் திருப்பி நகர்த்துவது பல லைன்களில் நடப்பதே. அதற்கு வழி பூட்டிவைப்பதில் இல்லை. இத்தனை மில்லிமீட்டர் வரை செல்லில் உள்ளவர் திருத்தலாம், அதற்கு மேல் என்றால் லைனை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று எல்லை வைக்கலாம். ஒவ்வொரு திருத்தத்தையும் காரணத்தோடு எழுதவைக்கலாம், அந்தக் குறிப்பை வாரம் ஒருமுறை பிரஸ் ஷாப்பும் ஜிக் மெயின்டனன்ஸும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். இவற்றுக்கு ஆகும் பணத்தை எங்கே காட்டுவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு ரோபோ செல்லின் மொத்தச் செலவில் ரோபோ கையின் விலை பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி ஜிக், பவர் சோர்ஸ், வேலி, நிறுவும் கூலி. அந்த வரிசையிலேயே, ரோபோ வாங்கும் முன்மொழிவிலேயே, சாவடிக்கும் அந்த வெல்டரின் சம்பளத்துக்கும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அதைச் சேர்த்த பிறகு, போட்ட பணம் திரும்பும் மாதங்கள் சில கூடும். கூடிய அந்த எண்ணைத்தான் இயக்குநர் குழுவின் முன் வைக்க வேண்டும்.